இரட்டைப்படை அத்தியாயங்கள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உன் அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி. மற்றபடி குறைவில்லை. நீயும் உன் மனைவியும் சௌக்கியம்தானே?

பதினொன்றாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. பிணத்தை நூலகத்து மாடிப்படியில் போட்டுவிட்டேன். எப்படிச் செத்தான் என்பது உன் பாடு. ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு என்று பங்கு பிரித்த நாளிலிருந்து செத்தவனை என் தலையில் கட்டுவதே உன் வழக்கம். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். ஆனால் தயவுசெய்து விஷம் வேண்டாம். நம் கதைகளில் ஒருவனாவது ஒழுங்காகக் கத்திக்குத்து வாங்கிச் சாகக்கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறவன்தான் பாதி எழுதுகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விஷயம். பதிப்பகத்திலிருந்து எல்லா எழுத்தாளர்களுக்கும் புது ஒப்பந்தம் வந்திருக்கிறது, மின்நூலுக்காக. காகிதம் இல்லை, அச்சு இல்லை, கிடங்கு இல்லை. ஆனாலும் நமக்குப் பங்கு மட்டும் அச்சுப் புத்தகத்துக்குத் தரும் அதே பங்குதான். அதைவிட மோசம் உரிமை விஷயம். பழைய ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை நம்மிடம் திரும்பிவிடும். மின்நூல் இல்லாமல் போவது என்பதே கிடையாது. எங்கோ ஒரு கணினியில் கிடந்துகொண்டே இருக்கும், உரிமையும் அவர்களிடமே கிடக்கும்.

சைக்கிள் கடை மாடியில் கவிஞர் வீட்டில் எல்லோரும் கூடினோம். நாற்காலி பற்றாமல் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தோம். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேச்சு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருப்பவள் என்பதால் பதிப்பகத்தோடு பேசும் பொறுப்பை என்மேல் போட்டுவிட்டார்கள். நம் புனைபெயருக்குப் பின்னால் நான் ஒருத்திதான் என்று இன்னமும் நம்புகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் நினைப்புதான்.

ஒப்பந்தம் இரண்டு பிரதி வந்தது. ஒன்றை இந்தக் கடிதத்தோடு உனக்கு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படித்து அபிப்பிராயம் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே நலம். நான் கேட்டதாக அத்தானிடம் சொல். முழங்காலுக்கு மருந்து கேட்டு எழுதாதது ஆச்சரியம்தான்.

பன்னிரண்டாம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். உன் வாசகிக்காகக் கத்தி வைத்திருக்கிறேன். கத்தி நுனியில் என்ன தடவியிருந்தது என்பது பதினான்கில்தான் தெரியும். கோபப்படாதே.

போனில் பேசினால் கதையை உளறிவிடுவோம் என்று நாம் வைத்துக்கொண்ட விதி எவ்வளவு நல்ல விதி என்று இப்போது தோன்றுகிறது. கடிதத்தில் யோசித்துச் சொல்லலாம்.

மருந்தகத்தில் என் இடத்தை மாற்றிவிட்டார்கள். ஜன்னல் பக்கம் நிற்கும் வேலை இப்போது இல்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன். உனக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று கேட்கிறேன், சண்டை போடாதே. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் புத்தகம் சீக்கிரம் வருமா?

உன்,
தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பதின்மூன்று இத்துடன்.

விட்டுக்கொடுத்தால் சீக்கிரம் வரும்தான். ஆனால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்களோடு இருக்கும் மொழிபெயர்ப்பாளரின் பழைய நாவல் ஒன்று அச்சில் இல்லாமல் போய் உரிமை திரும்பியது. வேறொரு சின்னப் பதிப்பகம் அதை எடுத்துப் போட்டது. அந்தப் புத்தகத்தால்தான் அவர் மறுபடி எழுதவே ஆரம்பித்தார். புது ஒப்பந்தம் அப்போதே இருந்திருந்தால் அந்தப் புத்தகம் செத்துப் போயிருக்கும், அவரும் எழுதாமல் இருந்திருப்பார். கூட்டத்தில் அவரே இதைச் சொன்னார்.

பதிப்பக மேலாளரைப் போய்ப் பார்த்தேன். தேநீர் கொடுத்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம்மா, இதுல என்ன பேரம்?" என்றார். "குடும்பத்துலதான் சார் பாகப்பிரிவினைப் பத்திரம் அதிகமா பதிவாகுது. நான் தினமும் பார்க்கறேன்," என்றேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

உன் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி. நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஏன் படுத்துக்கொண்டே இருக்கிறார்கள்? சாட்சி படுத்திருக்கிறார், விதவை படுத்திருக்கிறார், துப்பறிவாளர் சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி யோசிக்கிறார். எழுப்பி நடக்கவிடு. சோம்பேறித்தனம் உன்னிடமிருந்து அவர்களுக்கும் தொற்றிவிட்டதா?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நலம்.

பதினான்கு இத்துடன். கொஞ்சம் சின்னதுதான். துப்பறிவாளரை எழுப்பி ஒரு தெரு நடக்க வைத்திருக்கிறேன், உனக்காக.

பேச்சுவார்த்தை எப்போது முடியும் என்று நினைக்கிறாய்? இந்த வருடத்துக்குள் புத்தகம் வந்துவிடுமா? எனக்குச் சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி


ஏப்ரல் 8

என் தம்பிக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. "நலம்" என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் நான் நம்பிவிடுவேனா? உன் மனைவியோடு ஏதாவது சண்டையா? இருந்தால் தப்பு உன்மேல்தான்.

பதினைந்து அனுப்பிவிட்டேன். கடைசி அத்தியாயம் உன்னுடையது. கொலைகாரன் யார் என்று எனக்கே தெரியாது, சீக்கிரம் அனுப்பு.

புத்தகம் இந்த வருடம் வருவது சந்தேகம்தான். ஆனால் அவர்கள் இறங்கி வருகிறார்கள். போன வாரம் உரிமைக்குக் காலவரம்பு வைக்கலாமா என்று அவர்களே கேட்டார்கள். நாங்கள் ஒன்றாக நிற்பதுதான் காரணம். ஒருத்தர் பிரிந்தாலும் தீர்ந்தது. சிறுவர் கதைக்காரர் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறார், ஆனாலும் கையெழுத்துப் போடாமல் இருக்கிறார். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிக்கறேன்," என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

பதில் எழுது. பெரிதாக எழுது.

அக்கா


மே 27

தம்பிக்கு,

பதினாறாம் அத்தியாயம் வந்தது. மேலே கடிதம் இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. விதியை மீறி மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் மனைவி, "தூங்கறார் அண்ணி, எழுந்ததும் பேசச் சொல்றேன்," என்றாள். இத்தனை தூக்கம் யாருக்கு வரும்?

இன்று நடந்ததை எழுதுகிறேன், நீயே படி.

பதிப்பகத்து மாடியில் கூட்டம். எங்கள் பக்கம் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், சிறுவர் கதைக்காரர், நான். மேலாளர் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பைத் திறந்து என் முன்னால் தள்ளினார். "நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, மத்தவங்கள நிறுத்தி வைக்கறது நியாயமாம்மா?" என்றார்.

புது ஒப்பந்தம். நம் பெயர். நம் கையெழுத்து.

வாசகர்களுக்குக் கொடுக்கும் பிரதிகளில் போட வேண்டும் என்று நாம் இருவரும் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பழகிய அதே கையெழுத்து. பாதிப் பிரதிகளில் நீ போடுவாய், பாதியில் நான் போடுவேன், இதுவரை ஒருவராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலையே கையெழுத்துகளைப் பார்ப்பதாக இருக்கிற என்னாலும் முடியாது. நான் போடவில்லை, அதனால் நீ. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"இது என் கையெழுத்து இல்லை" என்று சொன்னால் உன்னை மோசடிக்காரன் என்று சொன்னதாகிவிடும். உன் பெயரை வெளியே சொன்னால் விஷம் எழுதும் மருந்தாளுநர் என்று உன் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறுவர் கதைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உன்னிடம் படிக்கச் சொல்லித்தானே அனுப்பினேன். ஏன்டா?

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நான்தான். ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த உறையிலேயே வைத்துத் தபாலில் போட்டேன்.

கையெழுத்துப் போட்டவர்களின் புத்தகம் உடனே மின்நூலாக வெளியாகும் என்று மேலே ஒரு வரி இருந்தது. அதை மட்டும்தான் ஒழுங்காகப் படித்தேன். பேச்சு முடியும்வரை அதை உள்ளேயே வைத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உன்னை இப்படி மேசையில் வைத்து அவமானப்படுத்துவார்கள் என்று நினைக்கவில்லை.

அவசரப்பட்டுவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 20

டேய் தம்பி,

உனக்கு அவசரமா? அத்தியாயம் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவன் நீ. கோபம் தாங்காமல் உன் அத்தியாயங்களை எடுத்து வைத்துக்கொண்டு, என்னுடையதை ஒதுக்கிவிட்டு, உன்னுடையதை மட்டும் வரிசையாகப் படித்தேன். அப்படி இதுவரை படித்ததே இல்லை.

எட்டாம் அத்தியாயத்தில் காவல்காரர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பத்தில் வக்கீலுக்குச் சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள். பன்னிரண்டில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். பதினான்கில் துப்பறிவாளர் நடக்கும் அந்தத் தெருவில் எங்கெங்கே பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், வேறெதையும் எழுதவில்லை. பதினாறில் கொலைகாரன் தப்பிக்காமல் இருந்ததற்குக் காரணம், அவனால் கதவுக் குமிழைத் திருக முடியவில்லை.

இதைப் படித்துத்தான் உன்னைச் சோம்பேறி என்று எழுதினேன். என் கையை ஒடிக்க வேண்டும்.

எத்தனை நாளாக? எந்தக் கை? டாக்டர் என்ன சொல்கிறார்? இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டாம், நானே வருகிறேன். சனிக்கிழமை வண்டி. அத்தானின் முழங்கால் ஒரு வாரம் தானாக வலித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் முடித்துவிட்டேன். அது என் கையெழுத்துதான் என்று கவிஞரிடம் சொல்லிவிட்டு, பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். புத்தகம் உடனே வரும். நீ அதைப் படிப்பாய். மற்றவர்கள் என்னைத் திட்டட்டும், அவர்கள் திட்டுவது நியாயம்தான். எனக்கு அதைவிட நீ முக்கியம்.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், இடது கை. பொறுத்துக்கொண்டு படி.

நீ வந்து இருந்துவிட்டுப் போனது பெரிய பலம். ஆனால் இருந்த நாளெல்லாம் இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று பேசித் தீர்த்தோம். சொல்ல வேண்டியதைச் சொல்ல நம் இருவருக்கும் தபால்தான் வேண்டியிருக்கிறது.

மருந்தகத்தில் என் இடத்தை மாற்றினார்கள் என்று எழுதினேனே, அது பொய். விடுப்பில் இருந்தேன். மார்ச்சில் வேலையை விட்டுவிட்டேன். நரம்பு. வலது கை முதலில் போனது, மற்றவை வரிசையில் நிற்கின்றன. இதுநாள்வரை நான் மாத்திரை எடுத்துக் கொடுத்த ஜன்னலுக்கு வெளியே இப்போது சக்கர நாற்காலியில் காத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் புதுப் பையன் என் பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறான்.

புத்தகம் அச்சாகும்போது என்னால் பக்கத்தைப் புரட்ட முடியுமா என்று தெரியவில்லை. மின்நூல் என்றால் விரலால் தொட்டாலே போதும். அதற்காகத்தான் போட்டேன். வேறு ஆசை இல்லை.

நீ போன பிறகு இவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து அந்த ஒப்பந்தத்தை முழுக்க வாசிக்கச் சொன்னேன். ஏழாம் பக்கத்தில், இந்தப் பெயரில் இனிமேல் எழுதப்படும் எல்லா நூல்களும் இதே விதிகளின்படி அவர்களுக்கே என்று இருக்கிறது. உனக்கு அது தெரியும், தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. அக்கா, எனக்குப் பிறகும் நீ எழுதுவாய். நான் இருக்க மாட்டேன், நீ எழுதுவாய். அதையெல்லாம் சேர்த்து விற்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? என் ஒரு புத்தகத்துக்கு நீ உன் எல்லாப் புத்தகத்தையும் கொடுப்பாயா? கூடவே அந்தக் கல்யாண வீட்டுக்காரரையும்?

ஒன்பதாம் பக்கத்தில், நூல் முழுவதையும் கையெழுத்திடுபவர் தனியாக எழுதினார் என்று உறுதி சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. அது நமக்குப் பொருந்தாது. எனக்குச் சொந்தமில்லாத பாதியை என் கையெழுத்து கொடுக்க முடியாது, அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே பதிப்பகத்துக்கும் கவிஞருக்கும் எழுதிவிட்டேன். இந்தப் பெயரில் இருப்பவர்கள் இருவர், ஒப்பந்தத்தில் போட்டது நான், என் அக்காவுக்குத் தெரியாமல் போட்டது, அவர் ஒன்றும் மீறவில்லை என்று. இவள் எழுதினாள். பதிவுத் தபாலில் போய்விட்டது, நீ தடுக்க முடியாது.

புத்தகம் தள்ளிப்போகும். போகட்டும். வேலைக்கு வேட்டு வைப்பார்கள் என்ற பயமும் இல்லை, வைக்க வேலை இல்லையே. நீ திரும்பப் போய் அந்த நாற்காலியில் உட்கார்.

தம்பி


அக்டோபர் 30

என் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்கவே நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நேற்று போனில் உன் குரல் தேய்ந்து கேட்டது. சாப்பிடுகிறாயா?

முடிந்துவிட்டது. இன்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மின்நூலுக்குப் பங்கு அச்சுப் புத்தகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உரிமை ஐந்து வருடத்துக்கு மட்டும், விற்பனை குறைந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடும். கணக்கை வருடம் இரண்டு முறை காட்ட வேண்டும். இனி எழுதப்போகும் நூல்கள் என்ற வரியே இல்லை.

உன் கடிதத்தைக் கவிஞர் கூட்டத்தில் நின்றுகொண்டு வாசித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர்தான், "ரெண்டு பேரா! அதான் துப்பறிவாளருக்கு ஒரு அத்தியாயத்துல கோபம் வருது, அடுத்ததுல தூக்கம் வருது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்புறம் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். சிறுவர் கதைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பா நினைச்சுட்டேம்மா," என்றார். நானும் உன்னைத் தப்பாகத்தானே நினைத்தேன், அவரிடம் என்ன சொல்ல?

நம்மேல் மேலாளருக்குக் கோபம் தீரவில்லை. விதிகளை மாற்ற முடியாததால் வரிசையை மாற்றிவிட்டார். நம் புத்தகம் கடைசி, அச்சும் மின்நூலும் அடுத்த வருட நடுவில்தான். சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். உனக்காக முதல் முறையாக ஒருவரிடம் கெஞ்சினேன், பலிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்தது, உனக்கு மட்டும் கிடைக்கவில்லை. எனக்கு இது ஜெயித்த மாதிரியே இல்லை.

ஒப்பந்தம் இத்துடன் வருகிறது. இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோடு. சொந்தப் பெயரில் போட வேண்டும். அவசரமில்லை, கை ஒத்துழைக்கும் நாளில் போடு.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

சொல்வது நான், எழுதுவது இவள். எழுத்து அழகாக இருந்தால் ஏமாந்துவிடாதே.

ஒப்பந்தம் இத்துடன் திரும்பி வருகிறது. முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், ஏழாம் பக்கம் உட்பட. என் பெயரை என் பெயராகவே ஒரு புத்தகத்தின் பெயரோடு பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

கையெழுத்து வரவில்லை. இரண்டு கையாலும் முயன்றேன். கடைசியில் மை தடவி, இவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். இத்தனை புத்தகம் எழுதிவிட்டு நான் இப்போது கைநாட்டு. நீ இதை எவ்வளவு பழகினாலும் போட முடியாது. பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து இவளுடையது. பத்திர ஆபீஸ்காரி நீ, குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

வருத்தம் இல்லை அக்கா. நிஜமாகவே இல்லை. அடுத்த கதையில் இரண்டாம் அத்தியாயத்தை எப்படி ஆரம்பிப்பாய் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விஷம் வை.

தம்பி

அண்ணி, இதுவரை அவர் சொன்னது. இனி நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

இந்த ஒரு பக்கத்தைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆனது. நிறைய இடத்தில் உதட்டைப் பார்த்து எழுதினேன். வருத்தம் இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, அதையே மறுபடி எழுதச் சொன்னார்.

அடுத்த வருட நடுவில் என்று நீங்கள் எழுதியதை அவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. சீக்கிரம் வரும் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் அவ்வளவு தூரம் பேசுவதில்லை அண்ணி. உங்கள் அத்தியாயங்களை அவர் துண்டு துண்டாகத்தான் படித்திருக்கிறார், கதையை முதலிலிருந்து ஒருமுறைகூடச் சேர்த்துப் படிக்கவில்லை. முழுப் பிரதியும் உங்களிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுடையதையும் அவருடையதையும் நீங்களே வாசிக்க வேண்டும். நான் வாசித்தால் அழுதுவிடுகிறேன், அவருக்குக் கதை புரியாமல் போகிறது.